நீலம் வந்தா போச்சு! பட்டறைக் கத்தியைப் பார்த்துக்கிறது எப்படி?

போன பொங்கல் லீவுல எங்க அப்பத்தாவோட கத்தியை நான் கெடுத்துட்டேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன், மெட்டலர்ஜி பேப்பரை அரியர் இல்லாம தாண்டினவன், ஒன்றரை நிமிஷத்துல அதைக் கெடுத்தேன்.

ஊர்ப் பட்டறையில அடிச்ச கத்தி அது. இருபது வருஷத்துக்கு மேல எங்க வீட்டு அடுப்படியில இருக்கு. "வாய் மழுங்கிப் போச்சுய்யா, அந்தக் கல்லுல ரெண்டு தீட்டு தீட்டிக் குடு"ன்னு அப்பத்தா கேட்டுச்சு. நான் கல்லை விட்டுட்டு, பக்கத்துத் தெரு வெல்டிங் கடையில இருந்த பெஞ்ச் கிரைண்டர்ல வச்சு ஒரு பிடி பிடிச்சேன். பொறி பறந்துச்சு. வாய்ப்பக்கம் முழுக்க மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடுச்சு. அழகா இருக்கேன்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற வச்சேன். சாயங்காலம் கத்தி நல்லாத்தான் வெட்டுச்சு. மறுநாள் தக்காளியை நசுக்குச்சு. திரும்பத் தீட்டினேன், அடுத்த நாளும் அதே கதை.

அந்த நீலம் என்னன்னு எனக்குத் தெரியும். பரீட்சையில எழுதியிருக்கேன். கையில பார்த்தப்போ மட்டும் அடையாளம் தெரியல. உங்க வீட்லயோ, நாலு பேரா வாடகைக்கு எடுத்த ரூம்லயோ பட்டறைக் கத்தி, அரிவாள்மனை, அரிவாள்னு ஏதாவது இருந்தா இந்தப் பாடம் உங்களுக்கு உதவும். (ஹாஸ்டல்ல கத்தி வைக்கக் கூடாதுன்னு விதி இருந்தா, வைக்காதீங்க. கட்டுரையை மட்டும் படிச்சு வச்சுக்கோங்க.)

அது என்ன இரும்பு?

இன்னைக்கு ஊர்ப் பட்டறைகள்ல அடிக்கிற கத்தி, அரிவாள் பலதும் பழைய லாரி பட்டையில இருந்து வர்றதுதான். அதாவது லாரிக்கு அடியில அடுக்கடுக்கா இருக்கிற லீஃப் ஸ்பிரிங். அதுல கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கூடவே கொஞ்சம் சிலிக்கான், மாங்கனீஸ், சில வகைகள்ல குரோமியம். தமிழ்நாட்டு எஃகுன்னு பேச்செடுத்தாலே உட்ஸ், கொடுமணல்னு போயிடுவோம். பெருமைதான், ஆனா நம்ம கையில இருக்கிற கத்தி அது இல்ல. இது பல லட்சம் கிலோமீட்டர் ஓடி ரிட்டயர் ஆன லாரியோட ஒரு துண்டு.

சூப்பர் மார்க்கெட் ஸ்டெயின்லெஸ் கத்தியில குரோமியம் குறைஞ்சது 10.5 சதவீதம் இருக்கும். அந்தக் குரோமியம் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமன்ல ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்கி இரும்பை மூடிடும். கீறல் விழுந்தா தானே மறுபடி மூடிக்கும். நம்ம லாரி பட்டைக்கு அந்தச் சட்டை கிடையாது. அதனாலதான் துரு பிடிக்குது. பதிலுக்கு ரெண்டு விஷயம் கிடைக்குது: கல்லுல சுலபமா தீட்டலாம், சாதாரணக் கரி உலையிலயே இதைக் கடினமாக்கலாம்.

எப்படிக் கடினமாக்குறாங்க? பட்டையைக் காய்ச்சி அடிச்சு வடிவம் வந்தபிறகு, வாய்ப்பக்கத்தை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல சிவக்கக் காய்ச்சி, தண்ணியிலயோ எண்ணெய்லயோ முக்குவாங்க. இதுதான் தோய்ச்சல். சூட்டுல ஆஸ்டெனைட்டா இருந்த இரும்பு, திடீர்னு குளிர்றதால கார்பனை வெளியே விட நேரமில்லாம அப்படியே உள்ள அடைச்சுக்கிட்டு மார்டென்சைட் ஆகுது. இது ரொம்பக் கடினம், ஆனா கண்ணாடி மாதிரி. கீழே போட்டா வாய் உடையலாம். அதனால 200, 250 டிகிரிக்குத் திரும்ப லேசாச் சூடாக்கி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உடையாத குணத்தை வாங்குவாங்க. நம்ம புத்தகம் இதை டெம்பரிங்னு சொல்லும். எங்க ஊர் ஆசாரி 'பதம்'னு சொல்றார்.

இப்போ அந்த நீலத்துக்கு வருவோம். தேய்ச்சுப் பளபளப்பாக்கின எஃகைச் சூடாக்கினா மேல ஆக்சைடு படலம் வளரும். படலத்தோட தடிமனைப் பொறுத்து, ரோட்டுல சிந்தின பெட்ரோல் மேல தெரியற வானவில் மாதிரி நிறம் தெரியும். 220 டிகிரி பக்கம் வைக்கோல் மஞ்சள், 250 தாண்டினா பழுப்பு, 280 வாக்குல கத்தரிப்பூ நிறம், 300 பக்கம் நீலம். (எவ்வளவு நேரம் சூட்டுல இருக்குங்கிறதைப் பொறுத்து கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்.) ஆசாரி மஞ்சள்ல நிறுத்தி வச்ச பதத்தை நான் கிரைண்டர்ல நீலம் வரைக்கும் இழுத்துட்டேன். சில இடத்துல நீலத்தையும் தாண்டி சாம்பல் நிறம் வந்திருந்துச்சு, அங்க பாதி மெத்து இரும்பு.

நீலத்தைத் தேய்ச்சு எடுத்துட்டா சரியாகிடாதா? ஆகாது. போறது நிறம் மட்டும்தான், உள்ள நடந்த மாற்றம் அப்படியே இருக்கும். ஓரத்துல அரை மில்லிமீட்டர் மட்டும்தான் நீலம்னா, கல்லுல பொறுமையாத் தேய்ச்சு அந்த மெத்துப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம். என்னோடது நாலஞ்சு மில்லிமீட்டர் ஆழம்.

ஏன் வாய்ல மட்டும் இவ்வளவு சீக்கிரம் நடக்குது? அங்க இரும்பு காகிதம் மாதிரி மெலிசு. சூட்டை வாங்கிப் பரப்பிவிட உடம்பு இல்ல. முதுகுப்பக்கம் தொட்டா வெதுவெதுப்பாத்தான் இருக்கும், அதே நேரத்துல வாய் 300 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதனால வேகமாச் சுத்துற எந்தச் சக்கரத்துலயும், ஆங்கிள் கிரைண்டர் உட்பட, வெறும் சக்கரத்துல கத்தியை வைக்காதீங்க. தெருவுல சாணை பிடிக்க வர்றவர்கிட்ட குடுக்கறீங்களா? பக்கத்துல ஒரு டப்பால தண்ணி வச்சு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருதடவை முக்கி எடுக்கச் சொல்லுங்க. பழைய ஆளுங்க சொல்லாமலே முக்குவாங்க.

இன்னொரு பழக்கம் ரூம்ல நடக்கும். பிளாஸ்டிக் பாட்டிலை அறுக்கணும்னு கத்தி நுனியைக் கேஸ் அடுப்புல காட்டுறது. சத்தியமா வேண்டாம். அந்தத் தீக்கு 300 டிகிரி சும்மா சுண்டைக்காய். கொதிக்கிற தண்ணியில கழுவுறதுக்குப் பயப்படத் தேவையில்ல, அது 100 டிகிரிதான், பதம் அசையாது.

தண்ணி

சூடு ஒரே நாள்ல கெடுக்கும், தண்ணி தினமும் கொஞ்சமா கெடுக்கும். ஆனா தண்ணியால வர்ற கெடுதலை நீங்களே சரி பண்ணலாம், சூட்டால வர்றதுக்கு உலை வேணும். அதனாலதான் சூட்டைப் பத்தி இவ்வளவு நேரம் பேசினேன்.

முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில டிஃபரன்ஷியல் ஏரேஷன் கரோஷன்னு ஒண்ணு வருமே, மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்கினோமே, அதைக் கண்ணால பார்க்கணுமா? துரு இல்லாத பழைய இரும்புத் துண்டு ஒண்ணுல ஒரு சொட்டு உப்புத்தண்ணி விட்டு சில மணி நேரம் கழிச்சுப் பாருங்க. கேம்பிரிட்ஜ்ல யூலிக் எவன்ஸ் செஞ்சு காட்டின சோதனை இது. சொட்டோட ஓரத்துல காத்து நல்லாப் படும், ஆக்சிஜன் அதிகம், அது கேத்தோடு. நடுவுல ஆக்சிஜன் போய்ச் சேர்றது கம்மி, அது ஆனோடு. கரையறது நடுவுலதான். துரு வளையமா ரெண்டுக்கும் இடையில படியும். துரு தெரியற இடம் வேற, பள்ளம் விழற இடம் வேற.

கழுவிட்டு உதறி வச்ச கத்தி மேல நிக்கிற ஒவ்வொரு சொட்டும் இதையேதான் செய்யுது. வாய்ல ஒரு சொட்டு நின்னா அங்க ஒரு குட்டிப் பள்ளம், அதாவது கூர்ல ஒரு பல் போன மாதிரி. ராத்திரி சாப்பிட்ட தட்டுகளோட சிங்க்ல கத்தியைப் போட்டுட்டு "காலைல கழுவிக்கலாம்"னு தூங்கப் போறீங்களே, அதுல தண்ணி, உப்பு, ரசத்துப் புளி மூணும் இருக்கு. துருவுக்கு விருந்து.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. வெட்டி முடிச்ச உடனே கழுவுங்க. துணியால துடைங்க. 'உலர வைக்கிறது' வேற, துடைக்கிறது வேற, துடைச்சே ஆகணும். எலுமிச்சை, மாங்காய், தக்காளி வெட்டினா வேலை முடியற வரைக்கும் காத்திருக்காம நடுவுலயே ஒரு துடை.

கொஞ்ச நாள்ல கத்தி மேல கருப்பு, சாம்பல், சில இடத்துல நீலச் சாயல் வரும். இதைப் பார்த்து பயந்துடாதீங்க! இது கிரைண்டர் நீலம் இல்ல. சூடே படாம, காய்கறி அமிலமும் துவர்ப்பும் இரும்போட சேர்ந்து வர்ற கறை. வாழைப்பூ, வாழைக்காய், நெல்லிக்காய் வெட்டினா ஒரே நாள்ல கறுத்துடும், டானின் இரும்போட சேர்ந்தா மை மாதிரி கருப்பு. அந்தக் கருப்புப் படலம் துருவை முழுசாத் தடுக்காது, ஆனா நல்லாவே தாமதப்படுத்தும். அதை ஸ்டீல் நார் போட்டுத் தேய்ச்சு வெள்ளையாக்குறதுதான் புதுசா கத்தி வாங்குறவங்க எல்லாரும் செய்யற தப்பு. கருப்பை விட்டுடுங்க. செம்மண் நிறத்துல, தொட்டா விரல்ல ஒட்டுற மாதிரி வர்றதுதான் எதிரி.

செம்மண் நிறம் லேசா இருந்தா அடுப்புச் சாம்பலோ சமையல் சோடாவோ கொஞ்சம் ஈரத்தோட தேங்காய் நார்ல வச்சுத் தேய்ச்சா போயிடும். கெட்டியா இருந்தா 400 நம்பர் உப்புத்தாள்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முதுகுல இருந்து வாய்ப்பக்கமா ஒரே திசையில. இன்னும் மோசம்னா வினிகர்ல அரை மணி நேரம் போட்டு, பக்கத்துலயே இருந்து பாருங்க. மறந்துட்டு படத்துக்குப் போயிட்டா வினிகர் நல்ல இரும்பையும் தின்னும். எடுத்ததும் சமையல் சோடா தண்ணியில அலசி, துடைச்சு, எண்ணெய்.

எந்த எண்ணெய்? கத்திக்குத் தேங்காய் எண்ணெய். வீட்ல எது இருக்கோ அதுன்னு நல்லெண்ணெய், சூரியகாந்தின்னு பூசாதீங்க. காரணம் அயோடின் மதிப்பு. தேங்காய் எண்ணெய்க்கு அது 10 பக்கம், நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல. மதிப்பு கூடக் கூட, காத்துல ஆக்சிஜனை வாங்கி எண்ணெய் பிசினாகும். மாசக்கணக்குல வச்ச கத்தி மேல மஞ்சளாப் பிசுபிசுன்னு ஒட்டுமே, அதுதான். தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது, குளிர்ல உறையும், அவ்வளவுதான். ரெண்டு சொட்டு போதும், துணியில தொட்டு மெலிசா. வழியற அளவுக்கு வேண்டாம்.

மரப்பிடிக்கு இதே கணக்கு தலைகீழ். அங்க எண்ணெய் காய்ஞ்சு கெட்டியாகணும், மரத்தோட துளையை அடைக்கணும். அதனால ஆளிவிதை எண்ணெய். ஹார்டுவேர் கடையில 'லின்சீட் ஆயில்'னு கேளுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை பூசி, ரெண்டு நாள் காய விடுங்க. பூசின துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க, விரிச்சுக் காய வைங்க. அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளியே வரும், சுருட்டின துணி தானே தீப்பிடிச்சிருக்கு.

பிடியை ஏன் பார்த்துக்கணும்னா, கத்தியோட வால் பகுதி அதுக்குள்ளதான் போகுது. பிடியைத் தண்ணியில ஊறப்போட்டா மரம் உப்பும், காய்ஞ்சா சுருங்கும், பூணுக்கும் மரத்துக்கும் இடையில இடைவெளி விழும். அங்க புகுந்த தண்ணி வெளியே வராது. எவன்ஸ் சொட்டுல நடந்த அதே கதை, ஆனா கண்ணுக்குத் தெரியாத இடத்துல. வாய் நல்லா இருக்க, ஒருநாள் பூசணிக்காய் வெட்டும்போது பிடி தனியா கையில வரும். பிடி லேசா ஆடினாலே கவனிங்க.

தீட்டுறது

முதல்ல ஒண்ணு: மழுங்கிடுச்சுன்னு நினைக்கிற பல நேரம் கூர் தேய்ஞ்சிருக்காது, மடங்கியிருக்கும். எவர்சில்வர் தட்டு மேலயும், கிரானைட் மேடை மேலயும் வச்சு வெங்காயம் நறுக்குறோம் இல்லையா, அதுல வாய் ஒரு பக்கமாச் சாஞ்சுடும். ஒரு மரப்பலகை வாங்குங்க. சாஞ்சதை நிமிர்த்த பழைய தோல் பெல்ட்டோட உள்பக்கம் போதும். முதுகை முன்னால விட்டு, வாயைப் பின்னால இழுத்து, பக்கத்துக்குப் பத்து. அதுலயும் தக்காளித் தோல் அறுபடலைன்னா கல்லை எடுங்க.

கல்லுன்னா ஹார்டுவேர் கடையில ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழுவழுப்புமா விக்கிற கார்போரண்டம் கல். வாசப்படிக் கருங்கல்லும் வேலை செய்யும், ஆனா அதுல குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்னு மணிகள் ஒரே அளவா இருக்காது, கூர் ரம்பம் மாதிரி வரும். அவசரத்துக்கு பீங்கான் மக்கோட அடியில பளபளப்புப் பூச்சு இல்லாத வளையம் இருக்கும், அதுலயும் தீட்டலாம். கல்லைத் தண்ணி விட்டு நனைச்சுக்கோங்க. தண்ணி தேய்ச்ச தூளைக் கழுவும், சூட்டையும் வாங்கிக்கும். கையால தீட்டினா நீலம் வரவே வராது.

கோணம்தான் எல்லாரும் சொதப்புற இடம். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. புரோட்ராக்டர் வேண்டாம், சைன் போதும். என் கத்தி 34 மி.மீ. அகலம். 17 டிகிரிக்கு சைன் மதிப்பு 0.292. பெருக்கினா 9.9. ஆக முதுகோட நடுப்பகுதி கல்லுக்கு மேல 10 மி.மீ. உயரத்துல நிக்கணும். உங்க கத்தி அகலத்தைப் போட்டு நீங்களே கணக்குப் பண்ணிக்கோங்க. பிறகு பர்மனன்ட் மார்க்கரால வாய் ஓரத்துல ஒரு கோடு இழுங்க. நாலு தடவை தேய்ச்சுட்டுப் பாருங்க. மை ஓரத்துல போகாம மேல மட்டும் போயிருந்தா முதுகை ரொம்பத் தாழ்த்திட்டீங்க. ஓரத்துல மட்டும் போயிருந்தா ரொம்பத் தூக்கிட்டீங்க.

ஒரே பக்கமாத் தேய்ச்சுட்டே இருந்தா மறுபக்க ஓரத்துல மெலிசாப் பிசிறு வரும். முதுகுல இருந்து வாய்ப்பக்கமா விரலைத் தள்ளிப் பாருங்க, கம்பி மாதிரி தட்டுப்படும். (வாய் நீளத்துக்கு விரலை ஓட்டாதீங்க, அது சோதனை இல்ல, தையல் போடுற வேலை.) அடி முதல் நுனி வரைக்கும் பிசிறு வந்தாத்தான் அந்தப் பக்கம் முடிஞ்சது. மறுபக்கம் அதே மாதிரி. பிறகு வழுவழுப்புப் பக்கத்துல லேசா மாத்தி மாத்தி, அழுத்தமே இல்லாம. கடைசியா பெல்ட்.

அரிவாள்மனைக்கு மட்டும் ஒரு மாற்றம். அங்க கத்தி அசையாது, கல் அசையும். கட்டையைக் காலால நல்லா அழுத்திக்கிட்டு, சின்னக் கல்லை உங்களை விட்டு விலகுற திசையில ஓட்டுங்க. வீட்ல பெரியவங்க யாராவது பண்றதை ஒருதடவை பார்த்துட்டுப் பண்றது நல்லது.

ஆசாரிகிட்ட

என் கத்தியை எந்தக் கல்லும் காப்பாத்தல. வாய் முழுக்கத் திரும்பத் தோய்ச்சல் போட வேண்டியதாப் போச்சு. எங்க பக்கத்துல இப்போ ஒரே ஒரு பட்டறைதான் இருக்கு, அதுவும் வாரத்துல ரெண்டு நாள்தான் உலை மூட்டுறாங்க. ஆசாரி கத்தியை வாங்கி வெளிச்சத்துல ஒருதடவை திருப்பினார். "மிஷின்ல வச்சியா தம்பி?" நான் மெக்கானிக்கல் படிக்கிறேன்னு அவர்கிட்ட சொல்லல.

பட்டறை ஏன் இவ்வளவு இருட்டா இருக்குன்னு கேட்டேன். "வெளிச்சத்துல இரும்பு பொய் சொல்லும்"னார். நிறத்தை வச்சுத்தான் சூட்டைப் பார்க்கிறார். வெயில்ல நின்னு பார்த்தா அதே சிவப்பு மங்கலாத் தெரியும், கூடுதலாக் காய்ச்சிடுவோம். முதல்ல கெட்டுப்போன ஓரத்தை அரம் போட்டு எடுத்தார். பிடியைக் கழட்டி, வாய்ப்பக்கத்தைக் கரிக்குள்ள வச்சு, நிறம் வந்ததும் வாயை மட்டும் எண்ணெய்ல இறக்கினார், முதுகு வெளியே. எடுத்ததும் உடனே ஒரு கல்துண்டால பக்கவாட்டைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கிட்டு, உத்துப் பார்த்துக்கிட்டே இருந்தார். முதுகுல மிச்சமிருந்த சூடு கீழ இறங்கி வருது, அதுக்கு முன்னால நிறமும் இறங்குது. முதுகுப்பக்கம் நீலம், நடுவுல பழுப்பு, வாய்க்கு வைக்கோல் மஞ்சள் வந்த நொடியில கத்தி முழுசையும் தண்ணியில போட்டுட்டார். முதுகு வளைஞ்சு கொடுக்கும், வாய் கடினமா நிக்கும். நம்ம லேப்ல ஃபர்னஸ், தெர்மோகப்பிள் எல்லாம் வச்சு, ரெண்டு பீரியட்ல செய்யறதை, கண்ணை மட்டும் வச்சு அஞ்சு நிமிஷத்துல முடிச்சார்.

வாயோட பதம் மொத்தமாப் போனா, வாய்ல வெடிப்பு தெரிஞ்சா, வால் துருப்பிடிச்சுப் பிடி ஆடினா, இந்த மூணுக்கும் பட்டறைதான். பசை போட்டு ஒட்டுறது, பிடியில ஆணி அடிக்கிறது எல்லாம் வேண்டாம். போறதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போங்க. முன்னாடி யாராவது கிரைண்டர்ல வச்சிருந்தா மறைக்காம சொல்லிடுங்க, எவ்வளவு ஆழத்துக்கு அரம் போடணும்னு அவங்களுக்குத் தெரியணும்.

வீட்டுக்கு வந்து வெர்னியர்ல அளந்தேன், நடு அகலம் 34 மி.மீ. புதுசுல எவ்வளவு இருந்துச்சுன்னு அப்பத்தாகிட்ட கேட்டதுக்கு மூணு விரலைச் சேர்த்து வச்சுக் காட்டுச்சு. அந்த விரலையும் அளந்தேன், 45. ஆசாரி அரம் போட்டு எடுத்தது மூணு மில்லிமீட்டர், அது என்னோடது. மிச்சம் எட்டும் இருபது வருஷமா அப்பத்தா கல்லுல தீட்டினது.